வெயிலைக் குறைத்துச் சொல்லல்: ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கணம்

நூல் செய்பவன் முதலில் பாயிரம் சொல்லியாக வேண்டும். எந்த நிலம், எந்த மாந்தர், எழுதுகிறவனுக்கு என்ன யோக்கியதை. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நிலம்: மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த் நகருக்கு வடக்கே ஜூண்டலப்பைத் தாண்டிய கடலோரப் புறநகர் ஒன்று. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வாழும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் வெளிநாட்டில் பிறந்தவர்களின் வரிசையில் அவர்கள் முதலிடம், இந்தியாவில் பிறந்த நாங்கள் இரண்டாமிடம். எங்கள் தெருவிலும் அதே வரிசைதான்: அவர்கள் நாலு வீடு, நாங்கள் ஒரு வீடு.

மாந்தர்: அடுத்த வீட்டுக்காரர்கள். மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது. தலைவன் எலக்ட்ரீஷியன், தலைவி நர்ஸ். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இரண்டும் இங்கே பிறந்தவை. ஸ்டாக்போர்ட்டிலேயே இருந்துவிட்டவர் தலைவியின் தாய், வயது எழுபத்துநாலு. அகத்திணையில் யார் பெயரையும் சுட்டக் கூடாது என்பது மரபு. அடுத்த வீட்டுக்காரர்கள் விஷயத்தில் அது பாதுகாப்பும்கூட. பாட்டியைப் பேரப்பிள்ளைகள் ‘நானா’ என்பார்கள். இலங்கையில் நானா என்றால் முஸ்லிம் வீட்டு அண்ணன், வட இங்கிலாந்தில் பாட்டி. வாசகர் குழம்ப வேண்டாம்.

யோக்கியதை: பதினோரு வருடங்களுக்கு முன்பு தெருவார் கூடிக் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள். வருகிறவர்கள் ‘ஒரு தட்டு கொண்டு வரவும்’ என்று அழைப்பில் இருந்தது. இந்த நாட்டில் தட்டு என்றால் எல்லாரும் பகிர்ந்து உண்ண ஒரு பலகாரம் என்று பொருள். புதிதாக வந்தவனுக்கு அது எங்கே தெரியும்? அன்று மாலை வெறும் தட்டோடு போய் நின்றவர்கள் இரண்டே பேர், நானும் தலைவியும். என்னுடையது எவர்சில்வர், அவருடையது கழுவித் துடைத்த பீங்கான். ஒன்றாக அசடு வழிந்தவர்களின் நட்பு லேசில் முறியாது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நேரத்தில்தான் ஸ்டாக்போர்ட்டுக்கு வாரந்தோறும் போன் போகும். சாஸ் பாட்டிலில் சாய்த்து நிறுத்திய போனையும், அதில் பாதி நெற்றியாகத் தெரியும் பாட்டியையும் பார்த்துப் பார்த்தே இந்த இலக்கணத்தைக் கண்டேன். உரையாடல்களைத் தமிழாக்கியதும் நானே. பிழை இருந்தால் அதுவும் என்னுடையது.

நூற்பா 1

*வானிலை வினவல் முதற்கண் கூற்றே;*
*ஏனைய எல்லாம் அதன்வழி வருமே.*

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், அழைப்பில் முதலில் பேசப்படும் பொருள் இதுவென உணர்த்துதல் நுதலிற்று. ‘முதற்கண்’ என்றது வணக்கத்துக்கும் முந்தியது என்றவாறு. திரையில் முகம் வந்ததும் வாயிலிருந்து வருவது ‘எப்படி இருக்கிறாய்’ அல்ல. “அங்கே எப்படி இருக்கு?” என்பதுதான். அந்த ‘எப்படி’க்கு விடையாக உடம்பைச் சொன்னால் அது வழு. வானத்தைச் சொல்ல வேண்டும்.

அற்றன்று, அவசரச் செய்தி இருந்தால் முதலில் அதைத்தானே சொல்வார்கள் எனின், சொல்லமாட்டார்கள். ஒரு நவம்பரில் பாட்டி தபால் எடுக்கப் போய் வாசற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு பேச்சு இப்படித் தொடங்கியது: அங்கே தூறல், நேற்றைவிட மேல், காற்று மட்டும் கொஞ்சம் கடுமை. இங்கே நல்ல வெளிச்சம், கொஞ்சம் மேகம். தோட்டக் கொட்டகைக் கூரை தாங்குமா, தாங்கும். பக்கத்து வீட்டு வேலி விழுந்துவிட்டது, பாவம். ஒன்பதாவது நிமிடத்தில் மகன் கேட்டான்: “நானா, உங்க கையில் என்ன வெள்ளையா?” மாவுக்கட்டு. “ஓ, இதுவா” என்றார் பாட்டி. ‘அதன்வழி வருமே’ என்ற தொடருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பழக்கம் இவர்களோடு தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரேலிய அரசு பிரிட்டிஷ்காரர்களைப் பத்துப் பவுண்டு கட்டணத்தில் கப்பலேற்றி அழைத்துவந்தது. குழந்தைகளுக்கு இலவசம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் பயணச் செலவைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். 1982 வரை ஓடிய அந்தத் திட்டத்தின் விளம்பரங்களில் வெயில்தான் கதாநாயகன். வேல்ஸில் பாரி என்ற ஊரில் பிறந்த ஒரு சிறுமிக்கு நெஞ்சுச் சளித் தொல்லை. வெப்பமான ஊருக்குப் போனால் நல்லது என்று சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் 1966-ல் அடிலெய்டுக்குக் கப்பலேறினார்கள். அந்தச் சிறுமி ஜூலியா கில்லார்ட், 2010-ல் பிரதமரானார். ஒரு நாட்டுக்குப் பிரதமரையே கொடுத்த சங்கதியை ‘வெட்டிப் பேச்சு’ என்று ஒதுக்குபவர்களுக்கு வரலாறு தெரியாது.

இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே தொலைபேசிச் சேவை தொடங்கியது 1930 ஏப்ரல் 30-ல். பசிபிக் கடலடிக் கம்பி வந்தது 1963-ல். அதுவரையிலும் அதற்குப் பின்னும் ஏழைபாழைகள் பேசியதெல்லாம் நீல நிற வான்கடிதத்தில்தான். தலைவனின் பெரியப்பா 1960களில் எழுதிய இரண்டு கடிதங்கள் அவர்கள் வீட்டில் இருக்கின்றன. இரண்டிலும் முதல் பத்தி வானிலை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் அந்த வானிலை மாறியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

நூற்பா 2

*ஏழும் எட்டும் இடையிடை மயங்கும்,*
*வாழும் ஊர்க் கடிகை வழுவிலது ஆயினும்.*

இது பொழுது கூறுகின்றது. பெர்த்தின் கடிகாரம் அசையாது. கோடையில் மணியை முன்தள்ளுவதா என்று மேற்கு ஆஸ்திரேலியாவில் 1975, 1984, 1992, 2009 என நான்கு முறை மக்களைக் கேட்டார்கள். நான்கு முறையும் மக்கள் முடியாது என்றார்கள். அசைவது இங்கிலாந்துக் கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறு முன்னே ஒரு மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே ஒரு மணி. ஆகவே இரண்டு ஊருக்கும் இடைவெளி குளிர்காலத்தில் எட்டு, கோடையில் ஏழு. (யாருடைய கோடை என்று கேட்டு ஆய்வாளனைத் துன்புறுத்தக் கூடாது.) சிட்னிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடிகாரம் ஆடும், ஒன்பது, பத்து, பதினொன்று என்று மாறி மாறி வரும். அது தனி நூலுக்குரியது.

அந்த மாற்றம் ஞாயிற்றுக்கிழமையிலேயே நிகழ்வதுதான் கொடுமை. அதனினும் கொடுமை 2025 மார்ச் 30. அன்று கடிகாரமும் மாறியது, இங்கிலாந்தின் அன்னையர் தினமும் வந்தது. இங்கிலாந்தில் அன்னையர் தினம் தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் மே மாதம் இரண்டாம் ஞாயிறு. ஆகவே மார்ச் மாதத்தில் பெர்த் முழுக்கத் தேடினாலும் அம்மாவுக்கு ஒரு வாழ்த்தட்டை கிடைப்பது அரிது. விவரமானவர்கள் மே மாதமே வாங்கி, பத்து மாதம் பத்திரமாக வைத்து, மறு மார்ச்சில் அனுப்புவார்கள். தலைவி விவரமானவர், 2024 மே மாதமே வாங்கிவிட்டார். பத்திரமாக எங்கே வைத்தார் என்பதில்தான் சிக்கல். அட்டை பிறகு கிடைத்தது, ஏப்ரலில், கிறிஸ்துமஸ் விளக்குகளோடு.

அட்டை இல்லாத குறையைப் பேச்சால் சரிக்கட்டலாம் என்று அன்று வழக்கம்போல் மாலை ஐந்துக்கு அழைத்தார்கள். வழக்கமாக ஸ்டாக்போர்ட்டில் அது காலை ஒன்பது, அன்று பத்து. பாட்டி தலைவாரி, உதட்டுச்சாயம் இட்டு, ஒன்பதிலிருந்தே போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் இங்கே எல்லாரும் கடற்கரையில் இருந்தார்கள். திரை திறந்ததும் பாட்டி சொன்ன முதல் வாக்கியத்தை நான் அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்: “இங்கே பிரமாதமான வெயில்.”

இனிக் கருப்பொருள். உணவு, புள், பறை என்று ஒவ்வொரு திணைக்கும் உண்டல்லவா? பறை: வாட்ஸ்அப் அழைப்பொலி. தெய்வம்: கூடத்து மூலையில் பச்சை விளக்கோடு வீற்றிருக்கும் வைஃபை பெட்டி. அது கோபித்தால் பாட்டி வாய் திறந்தபடி உறைந்துபோவார்.

உணவு, மார்மைட். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பீர் வடித்த ஈஸ்டிலிருந்து எடுத்த கறுப்புக் களிம்பு அது; உப்புக் கரிக்கும். இங்கிலாந்தில் பர்ட்டன் ஆன் டிரென்ட் என்ற பீர் ஊரில் 1902-லிருந்து செய்கிறார்கள். முதல் உலகப் போரில் அதன் வரத்து தடைபட்டது. போருக்குப் பின் மெல்போர்னில் ஃபிரெட் வாக்கர் என்ற வியாபாரி, சிரில் கலிஸ்டர் என்ற வேதியியலாளரைக் கொண்டு அதே மாதிரி ஒன்றைச் செய்வித்து 1923-ல் கடைக்கு அனுப்பினார். அதுதான் வெஜிமைட். விற்கவில்லை. 1928-ல் பெயரை ‘பார்வில்’ என்று மாற்றினார்கள். மார்மைட் என்பதை ‘மா மைட்’, அதாவது அம்மா ஒருவேளை சாப்பிடலாம் என்று பிரித்துக்கொண்டு, ‘பா வில்’, அப்பா கட்டாயம் சாப்பிடுவார் என்ற சிலேடை. காளமேகப் புலவர் கேட்டால் எழுந்து போய்விடுவார். அப்பாக்களும் எழுந்து போய்விட்டார்கள். 1935-ல் பழைய பெயரே திரும்பியது. இன்று வெஜிமைட் இல்லாத ஆஸ்திரேலிய வீடு அபூர்வம்.

இங்கிலாந்து மார்மைட் இங்கே கிடைக்காமலில்லை. ஆனால் மார்மைட் என்ற பெயர் இந்தப் பக்கத்தில் நியூசிலாந்தில் தயாராகும் வேறொரு களிம்புக்குச் சொந்தம். அதனால் அசல் மார்மைட் ‘அவர் மேட்’ என்ற மாற்றுப்பெயரில் தலைமறைவாக வாழ்கிறது. ‘நம்ம கூட்டாளி’ என்று பொருள். சூப்பர் மார்க்கெட்டில் அது இருக்கும் இடம் பன்னாட்டு உணவு வரிசை. முதல் மாதம் தலைவி தன் ஊர்த் தேயிலையையும் குழம்புத்தூளையும் என்னுடைய சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்து அலமாரியில் கண்டு அரை நிமிடம் பேசாமல் நின்றார். ஆங்கிலேயர் அயலவர் ஆகும் கணம் விமான நிலையத்தில் நிகழ்வதில்லை. அந்த அலமாரியின் முன்னால் நிகழ்கிறது.

அதே கடைத்தெருவில் துணிக்கடையில் ‘மான்செஸ்டர்’ என்று பெரிதாக எழுதித் தொங்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாவற்றுக்கும் ஆஸ்திரேலியாவில் அதுதான் பெயர். ஒரு காலத்தில் பருத்தித் துணி அந்த ஊரிலிருந்து கப்பலில் வந்ததன் மிச்சம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று படித்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். மான்செஸ்டர்க்காரர்களுக்குப் புரியாது. அந்தப் பலகையைப் போனில் காட்டியபோது பாட்டி கேட்டார்: “பாதி விலைக்குக் கொடுக்கிறானா?” கொடுத்தார்கள்.

புள், மேக்பை. இங்கிலாந்தில் அது காக்கை இனம். ஒற்றையாகக் கண்டால் ஆகாது என்று அதற்கு வணக்கம் வைத்துப் போவார்கள். இங்கே உள்ளது வேறு இனம். கறுப்பு வெள்ளையாக இருந்ததால் முதலில் வந்த ஆங்கிலேயர்கள் ஊர் ஞாபகத்தில் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குஞ்சு காக்கும் ஆண் பறவைகளில் சில, சைக்கிளில் போகிறவர்களின் மண்டையைக் குறிவைத்துப் பாயும். பிள்ளைகள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளை முள்ளுமுள்ளாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். அந்தக் கோலத்தில் பேரனைக் கண்ட பாட்டி, “நீ வணக்கம் வைத்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

நூற்பா 3

*சென்றோர் வெயிலைக் குறைத்தனர் மொழிப;*
*நின்றோர் வெயிலைக் கூட்டினர் மொழிப;*
*இரண்டும் பொய்யென இருவரும் அறிப.*

இதுவே இந்நூலின் உயிர். 2021 கிறிஸ்துமஸ் அன்று பெர்த்தில் 42 டிகிரியைத் தாண்டியது. ஊர் மரபை விடக் கூடாது என்று வான்கோழியை அடுப்பில் வைத்திருந்தார்கள். சமையலறையில் வெப்பம் எவ்வளவு என்று அளக்க யாரும் உள்ளே போகவில்லை. மகன் ஈரத்துண்டோடு தரையில் படுத்திருந்தான். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய எல்லை அப்போதும் பாட்டிக்குத் திறக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3-ல். அந்த நிலையில் நடந்த பேச்சு:

“அங்கே எப்படி இருக்கு, செல்லம்?”

“பரவாயில்லை மம். கொஞ்சம் வெதுவெதுப்பு.”

“எவ்வளவு?”

“முப்பது இருக்குமோ என்னவோ. காற்று வீசுது. அங்கே?”

“இங்கே அருமையா இருக்கு. குளிரே இல்லை. ஜன்னலைத் திறந்துவைக்கலாமா என்று பார்க்கிறேன்.”

டிசம்பரில் ஸ்டாக்போர்ட்டில் ஜன்னல்! பாட்டியின் தோளில் கம்பளிச் சால்வை தெரிந்தது. தலைவியின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. இரண்டு பேரும் இரண்டையும் பார்த்தார்கள். இங்கே பன்னிரண்டு டிகிரி கழித்தாயிற்று, அங்கே சில டிகிரி கூட்டியாயிற்று. என் கணக்குப்படி, பேச்சு இன்னும் அரை மணி நேரம் நீண்டிருந்தால் இரு ஊர்களும் இருபத்திரண்டில் வந்து சந்தித்திருக்கும். உலகின் இரு கோடிகளில் ஒரே தட்பவெப்பத்தைக் கொண்டுவரும் ஆற்றல் விஞ்ஞானத்துக்கு இல்லை. இந்தத் தாய்க்கும் மகளுக்கும் இருக்கிறது.

ஏன் கழிக்கிறார்கள்? தலைவன் கொள்கை ஒன்று: ‘இங்கே நல்ல வெயில்’ என்று சொன்னால் பெருமையடிப்பது போலாகும், அது ஆங்கிலேயருக்கு ஆகாது. இது மேலோட்டம். ஆகாது என்றால் கடற்கரைப் படங்களை ஏன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்? நண்பர்களுக்கு ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை. ஒன்றிரண்டு ஏற்றியும் சொல்வார். கழித்தல் தாய்க்கு மட்டும்தான்.

என் கொள்கை இது. எங்கள் இலக்கியத்தில் உடன்போக்கு என்று ஒரு துறை உண்டு. மகள் காதலனோடு பாலை நிலத்தைக் கடந்து போய்விடுவாள். வீட்டில் நிற்கும் நற்றாய்க்குப் போனது பற்றிய கோபத்தைவிட வழியின் வெயில் பற்றிய கவலையே பெரிது. அவள் கால் சுடுமே, மரநிழல் இருக்குமா, மேகம் மறைக்குமா என்றெல்லாம் புலம்புவாள். போன் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெண்ணும், ‘ஒன்றும் சூடில்லை அம்மா, நல்ல நிழல்’ என்றுதான் சொல்லியிருப்பாள். இவ்வளவுதான் என்றால் ஆய்வை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மகள் போனதே வெயிலுக்காக அல்லவா? வெயில் நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும், உன்னை விட்டு வந்த காரணம் இன்னும் செல்லுபடியாகிறது என்று சொல்வதாகும். அதனால் கழிக்கிறாள். இங்கே மழையும் இருட்டும் என்று தாய் சொன்னால், நீ போனது சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகும்; இல்லையென்றால் வா என்று கூப்பிட்டதாகும். அதனால் கூட்டுகிறாள்.

பாட்டியே இங்கே வந்துவிடலாமே எனின், பெற்றோருக்கான விசாவில் பணம் குறைவாகக் கேட்கும் வகைக்கு வரிசை முப்பது ஆண்டு நீளம். பாட்டிக்கு நூற்றுநாலு வயதில் முறை வரும். மற்ற வகைக்குப் பல்லாயிரம் டாலர். வந்துவிட்டாலோ, பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். அங்கே இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறுவது இங்கே வந்தவர்களுக்கு ஏறாது. இந்த வெயில் நாட்டில் உறைந்துபோகும் பொருள் அது ஒன்றுதான். 2018-லிருந்து பெர்த்துக்கும் லண்டனுக்கும் நேர் விமானம் இருக்கிறது, சுமார் பதினேழு மணி நேரம். வரலாம், ஆறு வாரம் இருக்கலாம், போகலாம். பாட்டி இருமுறை வந்தார். ‘மகள் சொன்னதைவிடச் சூடு’ என்று என்னிடம் வேலியோரம் சொன்னார்.

வெயிலைக் குறைப்பதில் பிள்ளைகள் கூட்டுச் சேர்வதில்லை. அவர்களுக்குக் கணக்கு தெரியாது, ஆஸ்திரேலியர்கள். “நேற்று நாற்பத்தொன்று, நானா!” என்று மகள் கத்துவாள். தலைவி மேசைக்கடியில் அவள் காலை மிதிப்பார். ஒருமுறை, “மூணு மணிக்கு டாக்டர் வந்ததும்தான் எங்களுக்கு உயிர் வந்தது” என்று சொல்லிவைத்தாள். பாட்டி பதறிப்போனார். ஃப்ரீமாண்டில் டாக்டர் என்பது கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு இந்த ஊர் வைத்த பெயர் என்று விளக்குவதற்குள் மூன்று நிமிடம் போயிற்று. விளக்கம் முடிந்தபோது, டாக்டர் தேவைப்படும் அளவுக்கு வெயில் என்ற உண்மையும் வெளியே வந்துவிட்டது.

பிள்ளைகளின் தோல் மட்டும் தாய்க்குச் சாட்சியாக நிற்கும். இரண்டும் ஸ்டாக்போர்ட் பிள்ளைகளைவிட வெளுப்பு. 1981-ல் ஒரு கடற்பறவைச் சித்திரத்தை ஆடவிட்டுச் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று தொடங்கிய பிரசாரம் இங்கே வேதமாகிவிட்டது. தொப்பி இல்லாவிட்டால் பள்ளியில் விளையாட விடமாட்டார்கள். வெயிலுக்காகக் கடல் கடந்து வந்த குடும்பம், வந்தபின் வெயிலிடமிருந்து ஒளிந்து வாழ்கிறது. “பாரு, வெயிலே படலை” என்று பாட்டி சொல்லும்போது தலைவி மறுப்பதில்லை.

புறனடை ஒன்று. 2022 ஜூலை 19, செவ்வாய். இங்கிலாந்தில் வரலாற்றிலேயே முதல்முறையாக வெப்பம் நாற்பதைத் தாண்டிய நாள். லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3. இங்கே இரவு பத்து மணிக்குப் போன் அடித்தது. ஞாயிறல்லாத நாளில், இரவில், ஊரிலிருந்து போன் வந்தால் அது ஒரே ஒரு செய்திதான் என்று அயலூரில் வாழும் எவனுக்கும் தெரியும். தலைவி எடுக்கவில்லை; தலைவன்தான் எடுத்தார். மறுமுனையில் பாட்டியின் குரல் கணீரென்று வந்தது: “இன்றைக்கு உங்களைவிட இங்கேதான் சூடு!” ஸ்டாக்போர்ட் நாற்பதைத் தொடவில்லை. அதனால் என்ன? பெர்த்தில் அன்று குளிர்காலம். கூட்டாமல் கழிக்காமல் வெயிலை உள்ளபடி சொல்லப் பாட்டிக்கு வாய்த்த நாள் அது ஒன்றே. தலைவி குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார் என்பது மறுநாள் வேலியோரத் தகவல்.

நூற்பா 4

*குளிரென மொழிதல் சென்றோர்க்கு உரித்தே;*
*அதனை நம்பாமை நின்றோர்க்கு உரித்தே.*

உரை தேவையில்லை. ஆயினும் ஒரு சொல்: பெர்த் வீடுகள் வெயிலை எண்ணிக் கட்டப்பட்டவை. ஜூலையில் உள்ளே பதினாலு டிகிரி இருக்கும். வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு இராது. கம்பளியாட்டுத் தோல் செருப்பும் போர்வையுமாகத் தலைவி நடுங்குவார். உண்மையைச் சொல்ல அவருக்கு அனுமதி உள்ள ஒரே பருவம் இது. பாட்டி அரைக்கை ரவிக்கையில் சிரிப்பார். இன்னொன்று: ஆண்டு மழை லண்டனில் சுமார் 600 மில்லிமீட்டர், பெர்த்தில் 700-க்கு மேல். இந்த ஆயுதத்தைத் தலைவியிடம் நானே கொடுத்தேன். அவர் பயன்படுத்தினார். “ஸ்டாக்போர்ட் எங்கே, லண்டன் எங்கே” என்று பாட்டி ஒரே வரியில் முறித்துப்போட்டார்.

நூற்பா 5

*வைக்கிறேன் என்றல் வைத்தல் அன்றே.*

அழைப்பு முடியும் முறை சொல்கிறது. போக வேண்டியவர் ‘நான் போகிறேன்’ என்னார். ‘சரி, உன்னை விட்டுடறேன், உனக்கு வேலை இருக்கும்’ என்பார். மற்றவர் ‘எனக்கென்ன வேலை’ என்பார். பிறகு ‘சரி அப்போ’ மூன்று முறை. மூன்றாவதற்குப் பின் புதுச் செய்தி ஒன்று கட்டாயம் வரும். பெரும்பாலும் யாரோ இறந்துபோன செய்தி.

இதற்கும் பின்னால் ஒரு பகுதி இருப்பதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. பாட்டிக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தத் தெரியாது, அல்லது அழுத்துவதில்லை. கையசைத்துவிட்டுப் போனைச் சமையல் மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்துபோவார். பிள்ளைகள் அதற்குள் ஓடியிருப்பார்கள். தலைவன் கரி அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். தலைவி இந்தப் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். திரையில் ஸ்டாக்போர்ட் சமையலறையின் கூரை தெரியும். கெட்டில் கொதிக்கும் சத்தம் வரும். கோப்பை வைக்கும் சத்தம். கூரையின் இடது மூலையில் ஒரு ஈரக் கறை. சென்ற வாரம் ஒரு தட்டளவு இருந்தது. நேற்று இரண்டு தட்டு.

“ஒரு வாரமா சொட்டு மழை இல்லையாம்” என்றார் தலைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஜன்னல் கண்ணாடியில் மழை அடிப்பது சாஸ் பாட்டில் வழியாக எனக்கும் கேட்டது.